சார்ம் குவார்க்கைத் தேடிக் கவரைப்பேட்டை வரை

கடம்பத்தூரில் இறங்கி நின்றபோதுதான் தப்பான ரயிலில் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. சென்னையில் கும்மிடிப்பூண்டி வண்டியும் அரக்கோணம் வண்டியும் பக்கத்துப் பக்கத்து நடைமேடைகளில் நின்றன. "கவரைப்பேட்டை போகுமா?" என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். நன்றாகத் தலையாட்டினார். காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குத்தான் அவர் தலையாட்டினார் என்பது திருவள்ளூர் தாண்டிய பிறகே எனக்குப் புரிந்தது.

கீரைக்கட்டுகளோடு சென்னை வண்டிக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டேன்.

"கவரப்பேட்டையா? அது அந்த லைனும்மா. இது அரக்கோணம் லைனு. எங்கியோ போவ வேண்டியவ எங்கியோ வந்து நிக்கற." என் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு நீ?"

"மலேசியா."

"அம்மாந்தூரத்துலேர்ந்து கரெக்டா வந்துட்ட. சென்ட்ரலாண்ட கோட்ட வுட்டுட்டியே!"

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பச் சென்னைக்குப் போகாதே, திருவள்ளூர் போய் பஸ் பிடி, பெரியபாளையத்தில் மாறு என்று அவரே வழி சொன்னார். நான் சரியான நடைமேடைக்குப் போகிறேனா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஈப்போ ரயில் நிலையத்தில் வழிகாட்டிப் பலகைகள் பளபளவென்று இருக்கும். ஆனால் இப்படிக் கண்ணாலேயே கொண்டுபோய் விடுகிற ஆள் கிடைப்பது சந்தேகம்தான்.

ஜான்சிக்குப் போன் செய்து சொன்னேன். "மேடம், ஹிக்ஸ் துகளயே கண்டுபுடிக்கிறீங்க, கவரப்பேட்டைய கண்டுபுடிக்க முடியலயா?" என்றாள்.

நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஐரோப்பாவில் பூமிக்கடியில் ஒரு பெரிய வளையம் போட்டு, அதற்குள் புரோட்டான்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வில் உலகம் முழுதும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறோம். அவர்களில் ஜான்சியும் நானும் ஒரே சிறு குழு. அவள் கவரைப்பேட்டைப் பெண். சென்னையில் ஆய்வுப் பட்டம் முடிக்கிற கட்டத்தில் இருந்தாள். மூன்று வருடமாகத் திரையில் பார்த்துப் பேசியிருக்கிறோமே தவிர நேரில் பார்த்ததில்லை. பிரசவம் முடிந்து இப்போது அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு மாநாட்டுக்காக நான் சென்னைக்கு வர நேர்ந்ததும் அவளைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரத்தையே தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. உலகில் உள்ள அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஹிக்ஸ்தான் பதில் என்கிறார்கள். ஹிக்ஸோடு இறுக்கமாகப் பிணைகிற துகள் கனமானது, தளர்வாகப் பிணைவது லேசானது. குவார்க் என்னும் அடிப்படைத் துகள்களில் கனத்தவையான டாப், பாட்டம் இரண்டோடும் உள்ள பிணைப்பை அளந்தாகிவிட்டது. அடுத்தபடி சார்ம் குவார்க். அது லேசானது என்பதால் ஹிக்ஸ் சார்ம் ஜோடியாக உடைவது அபூர்வம். உடைந்தாலும் கருவியில் துகள்கள் கொத்தாகச் சிதறும் பீச்சலாகத்தான் தெரியும். பாட்டம் தரும் பீச்சலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஒன்றுமில்லாத சாதாரணப் பீச்சலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் சார்மை மட்டும் பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலை.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தரவில் சமிக்ஞை வரக்கூடிய இடத்தை மட்டும் மறைத்து வைத்துவிட்டுத்தான் வேலை செய்வோம். முதலிலேயே பார்த்துவிட்டால், நமக்குப் பிடித்த விடை வருகிறவரை கணக்கை நம்மை அறியாமலே தள்ளிக்கொண்டுபோவோம். எல்லாச் சோதனைகளும் முடிந்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த மறைப்பை விலக்குவோம். அதைத்தான் பெட்டியைத் திறப்பது என்போம். அந்த வாரம் எங்கள் பெட்டி திறக்க இருந்தது. அப்போது ஜான்சியின் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டேன்.

திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இட்லி கேட்டேன். சாம்பார் வரும் என்று பார்த்தால் வடகறி வந்தது. வடையை உதிர்த்து மசாலாவில் வேகவைத்த ஒரு குழம்பு. எங்கள் ஊரில் ரொட்டிச் சானாய்க்கு ஊற்றும் பருப்பை உலகத்தில் மிஞ்ச ஆளில்லை என்று இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் பேசத் தொடங்கினார்கள். சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்குக் குடும்பம் இருந்ததால் எனக்கு நன்றாகவே புரியும்.

"வெளிநாட்டுக்காரி. ஷூவைப் பார்."

"முகத்தைப் பார்த்தால் நம்ம ஆள் மாதிரிதான் இருக்கிறது."

"தாலியைக் காணோம்."

"இருந்தால் என்ன, இல்லாவிட்டால் உனக்கென்ன? சாப்பிட்டாளோ என்னவோ, பாவம், கொய்யாப்பழம் கொடு."

கொய்யாப்பழம் வந்தது. தெலுங்கிலேயே நன்றி சொன்னேன். இருவரும் ஒரு கணம் உறைந்தார்கள். பிறகு ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர் பையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து நீட்டினார். பெரியபாளையம் வரை நாங்கள் பேசிக்கொண்டே போனோம். உங்கள் முன்னோர் எந்த ஊர் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது, போவட்டும்" என்று தமிழுக்கு மாறிச் சொன்னார் பழம் கொடுத்தவர்.

அங்கே பஸ் மாறி, பக்கத்து ஆரணி வழியாகப் போய், புதுவாயலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஒட்டிக்கொண்டு கவரைப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜான்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். திரையில் தோள்வரை மட்டுமே பார்த்துப் பழகியதால் அவள் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் நான் இவ்வளவு குள்ளம் என்று தெரிந்திருக்காது. இருவரும் அதைத்தான் முதலில் பேசினோம்.

அவளுடைய அம்மா லூர்து மேரி நீலச் சீருடைக் கோட்டோடு முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டும் கம்பெனியில் வேலை. அவருடைய அப்பா அம்மா பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் கல்யாணத்துக்கு முன்பே கம்பெனி பஸ் ஏறியவர். கணவர் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் ஜான்சி படித்தாள். இதையெல்லாம் அவர் வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

மறுநாள் காலையில், "டீச்சரம்மா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பசியாறியாச்சா என்போம். இரண்டு வார்த்தைக்கும் பின்னால் ஒரே அக்கறைதான். அவர் வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைப் பழைய சோற்றோடு சாப்பிட்டுவிட்டு ஜான்சியின் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜான்சி ஒரு கையால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே மறு கையால் ஒரு வரைபடத்தைக் காட்டினாள்.

"மேடம், இந்த ஒரு வருஷத்து டேட்டா மட்டும் ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா சந்தோஷப்படணும்."

"அதே கருவி, அதே மோதல். மத்த வருஷமெல்லாம் சார்மை அடையாளம் காண தட்டுத் தடுமாறுது. இந்த வருஷம் மட்டும் எப்படி இவ்ளோ கூர்மையா பாக்குது?"

அந்த வருடம் மென்பொருளைப் புதுப்பித்தார்கள், அதனால் இருக்கலாம் என்றேன். பரிசீலனைக் குழுவும் பார்த்து ஒப்புக்கொண்ட படம்தான் அது.

"அதைத்தான் நானும் எனக்கே சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள். "குழந்தை பொறந்த பிறகு உக்காந்து பாத்தா மனசு ஒத்துக்கல. மென்பொருள் மாத்தினதால வர்ற லாபம் எவ்ளோன்னு தனியா போட்டுப் பாத்தேன். பத்தல மேடம். மிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியல."

நான் பகல் முழுதும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை.

தெரியவில்லை என்று சொல்வது எங்கள் துறையில் தவறில்லை. ஆனால் மறுநாள் மாலை பெட்டியைத் திறக்க ஒப்புதல் தரும் கூட்டம். அதே வளையத்தில் இன்னொரு கருவியை வைத்துக்கொண்டு இன்னொரு பெரிய குழு இதே சார்மைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அவர்களும் ஏறக்குறைய முடித்துவிட்டார்கள் என்று பேச்சு. இந்த முடிவை அறிவிக்க வேண்டிய முக்கியமான மாநாடு ஒன்றும் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெர்மனியில் ஓரிடத்தில் ஜான்சியின் வேலை விண்ணப்பம் கடைசிச் சுற்றில் இருந்தது. இந்த முடிவு வெளியானதும் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"யோசிச்சிக்கோ" என்றேன்.

"யோசிச்சாச்சு மேடம்" என்றாள்.

கூட்டத்தன்று மதியம், நெடுஞ்சாலை ஓரத்தில் பள்ளம் தோண்டிய இயந்திரம் இணையக் கேபிளை அறுத்துவிட்டது. தெரு முழுக்க இணையம் போயிற்று. "இதே பேஜாரு, வாரத்துல ஒருக்கா அறுத்துட்டுப் போறானுங்க" என்றார் லூர்து. கைப்பேசியின் சிக்னலை வைத்து ஒப்பேற்றலாம் என்று தொடங்கினோம்.

கூட்டத்தை நடத்தியவர் ஹெல்கா. எங்கள் குழுவின் தலைவி, அதிகம் பேசாத ஜெர்மானியர். ஜான்சி ஆங்கிலத்தில் நிதானமாகத் தொடங்கினாள். "திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருடத்துத் தரவில்..." என்றதும் திரை உறைந்தது. இணைப்பு அறுந்துவிட்டது.

ஜான்சி என்னைப் பார்த்தாள். பாதிப் பேச்சில் விட்டுவிட்டால் அங்கே அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள், ஒப்புதல் தானாகக் கிடைத்ததாகிவிடும். குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். "எம்மா, பாத்துக்கோ, ஹைவேஸாண்ட போயிட்டு வந்துர்றேன்."

இருவரும் ஓடினோம். நான் மடிக்கணினியைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். முனையில் ஒரு ஷேர் ஆட்டோ புறப்பட இருந்தது. கூடைகளோடு இரண்டு பெண்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

"அண்ணா, சிக்னல் கெடைக்கிற எடத்துல நிறுத்துண்ணா, அவசரம்" என்றாள் ஜான்சி.

ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் கிளப்பினார். மேம்பாலத்தின் சரிவில், ஓரமாக இடம் பார்த்து நிறுத்தினார். இணைப்பு வந்தது. லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போயின.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் ஹெல்கா.

"லாரி" என்றாள் ஜான்சி. "மன்னிக்க வேண்டும், நான் ஆட்டோவில் இருக்கிறேன். என்னால் விளக்க முடியாத ஒரு கூர்மை இருக்கிறது. அதை விளக்கும்வரை திறக்க வேண்டாம்."

ஒருவர் மாநாட்டை நினைவூட்டினார். இன்னொருவர், முதலில் திறந்துவிட்டுப் பிறகு அதைச் சரிபார்க்கலாமே என்றார்.

"திறந்த பிறகு எதைத் திருத்தினாலும் நாம் விடையைப் பார்த்துக்கொண்டே திருத்துவோம்" என்றாள் ஜான்சி. "அப்புறம் அதை வெளியே உள்ளவர்கள் நம்புவது இருக்கட்டும், நானே நம்பமாட்டேன்."

கூடைக்காரப் பெண்களில் ஒருவருக்குக் கைப்பேசி அடித்தது. "சும்மா இருடி, பொண்ணு ஃபாரின்ல பேசிக்கினு கீது" என்று மற்றவர் அதை வாங்கி அணைத்தார். ஆட்டோவுக்குள் எல்லோரும் மூச்சுவிடாமல் திரையையே பார்த்தோம். ஹெல்கா என் கருத்தைக் கேட்டார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஜான்சி சொல்வது நியாயம் என்றேன்.

"ஒரு வாரம்" என்றார் ஹெல்கா. "கண்டுபிடியுங்கள்."

ஜான்சி மடிக்கணினியை மூடினாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ஜெயிச்சியா?"

"தள்ளி வெச்சிட்டேன்ணா."

"வாய்தாவா?" என்றார் அவர், வெகு அக்கறையாக. ஜான்சி சிரிக்கத் தொடங்கினாள். அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் இருக்கிறேன். பெரிய பெரிய அரங்குகளில் பெரிய பெரிய ஆட்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த மேம்பாலச் சரிவில் கேட்டது போன்ற ஒரு பேச்சை அதிகம் கேட்டதில்லை.

நான் ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டேன்.

அந்த ஒரு வாரம் கவரைப்பேட்டையில் என் வாழ்க்கை நன்றாகவே போயிற்று. காலையில் லூர்து கம்பெனிக்குப் போகுமுன் டீ. அப்புறம் நானும் ஜான்சியும் அந்த வருடத்துத் தரவை முதலிலிருந்து, படிப்படியாக, புதிதாகக் கணக்கிட்டோம். குழந்தை அழுதால் ஒருவர் எழுந்து போக, மற்றவர் தொடர்வது. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஞானஸ்நானத்தன்றுதான் பெயர் என்று லூர்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை "குட்டி" என்று கூப்பிட்டார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் எலக்ட்ரீசியனாக இருந்த ஜான்சியின் கணவர் அருள் ஓய்வு நாட்களில் வந்து, அந்தக் குட்டியைத் தோளைவிட்டு இறக்காமல் தெருவெல்லாம் சுற்றுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்து என்னைக் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். தொழிற்பேட்டைக்கு விடுமுறை என்பதால் தெரு நிரம்பி வழிந்தது. ஒடிசா, பீகார்ப் பையன்கள் பானிபூரி வண்டியைச் சுற்றி நின்று ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, இங்கே மீன் ரொம்ப நல்லா இருக்கும், நான் குண்டாகிவிட்டேன் பார்" என்று ஒருவன், சினிமா இந்தி மட்டும் தெரிந்த எனக்கும் புரியும்படி, இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான், ஒல்லிக்குச்சி போன்ற உடம்போடு. மீன்காரம்மா அவனிடம் இந்தியில் விலை சொன்னார், ஆந்திராக்காரரிடம் "டப்பு இஸ்தாவா?" என்று தெலுங்கில் காசு கேட்டார், லூர்துவிடம் தமிழில் சண்டை போட்டார். கோலாலம்பூர் சந்தையில் ஒரே மூச்சில் மூன்று மொழி பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அங்கே வீட்டுக்கு வந்தது போலிருந்தது. பழவேற்காட்டு இறால் வாங்கினோம். இவ்வளவு பெரிய இறாலை எங்கள் ஊரில் ஓட்டல் கண்ணாடித் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் லூர்து கேட்டார். "டீச்சரம்மா, அந்த ஜெர்மன்காரங்க இவளுக்கு வேல குடுப்பாங்களா?"

"தெரியலக்கா. இது முடியணும்."

"இவ நிறுத்தலன்னா முடிஞ்சிருக்கும் இல்ல?"

"ஆமா."

வெளியே ஓடும் கம்பெனிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவர் ஷிப்ட் முடிந்து வந்து, மீதி இறாலை உரித்துக்கொண்டிருந்தபோது ஜான்சி கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன்.

நிஜக் கருவி சார்மை எவ்வளவு நன்றாக அடையாளம் காண்கிறதோ, அந்த அளவுக்கு, மோதலைக் கணினியில் நடத்திப் பார்க்கும் மாதிரியைச் சரிசெய்ய ஒரு திருத்தம் உண்டு. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் தரவைத் தயாரித்தவர்களும் அதைப் போட்டிருந்தார்கள், பிறகு எங்கள் நிரலும் போட்டிருந்தது. ஒரே திருத்தம் இரண்டு முறை. அதனால் எங்கள் கண் உள்ளதைவிடக் கூர்மையானது என்று நாங்களே நம்பிக்கொண்டிருந்தோம். திருத்தத்தை ஒருமுறை மட்டும் போட்டதும் அந்த வருடமும் மற்ற வருடங்களைப் போல ஆகிவிட்டது.

"அசிங்கமா ஆயிடுச்சு மேடம்" என்றாள் ஜான்சி, முகமெல்லாம் மலர்ந்து. "எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க!"

ஹெல்காவுக்கு எழுதினோம். அவர் நான்கைந்து பேரை வைத்து எங்கள் கண்டுபிடிப்பைத் தனியாகச் சரிபார்க்கச் சொன்னார். அதற்கிடையில் அந்த இன்னொரு குழு தங்கள் முடிவை வெளியிட்டுவிட்டது. அதைவிட மோசமாக ஜெர்மனியிலிருந்து ஜான்சிக்குப் பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். கொடியில் குழந்தைத் துணியைக் காயப்போட்டுக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். ஒரு துணியை உதறினாள், இன்னொன்றை எடுத்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு மேடம். ரொம்ப இருக்கு." ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஆனா திரும்பவும் அந்த மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினா அதையேதான் சொல்லுவேன்."

நான் அவள் கையிலிருந்து துணியை வாங்கிக் கொடியில் போட்டேன்.

சரிபார்த்தவர்கள் நாங்கள் கண்டது சரி என்றார்கள். பெட்டி திறக்கும் மாலை வந்தது. இணையக் கேபிளை ஒட்டிவிட்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் லூர்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் இருநூறு முகங்களுக்கு மேல். ஹெல்கா ஜான்சியையே திறக்கச் சொன்னார். ஜான்சி ஒரு பொத்தானை அழுத்தினாள். படம் மெல்ல நிரம்பியது.

ஹிக்ஸ் சார்மாக உடைந்து அது தெளிவாகத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு மேடு எழுந்திருக்க வேண்டும். மேடு இல்லை. புள்ளிகள் பின்னணிக் கோட்டின் மேலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தன. அடுத்த படத்தில், ஹிக்ஸ் சார்ம் பிணைப்பு இன்ன அளவுக்கு மேல் இருக்கவே முடியாது என்று ஒரு கோடு. முன்பு எங்கள் குழுவில் யாரும் போட்டதைவிட நெருக்கமான கோடு. திருத்தம் இரண்டு முறை இருந்திருந்தால் இன்னும் நெருக்கமாகவும், பொய்யாகவும் இருந்திருக்கும்.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் அது மழை போலக் கேட்டது. அடுத்த சுற்றுத் தரவுக்கு இந்தச் சரிபார்ப்பு முழுவதற்கும் ஜான்சி பொறுப்பேற்க முடியுமா என்று ஹெல்கா கேட்டார். கவரைப்பேட்டையிலிருந்தே செய்யலாம், சம்பளத்துக்குத் தான் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். முடியும் என்றாள் ஜான்சி.

கூட்டம் முடிந்ததும் லூர்து கேட்டார். "கெடச்சுதா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குக் கைதட்டறாங்க?"

ஜான்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்கினாள். லூர்து முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "நம்ம கண்ணு சரியில்லாம தெரியாத பூட்டுச்சின்னா?"

ஜான்சி படத்தின் இன்னொரு மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு மேடு தெளிவாக இருந்தது. "தோ, இது இசட்டுன்னு வேற ஒரு துகள். அதுவும் சார்மா உடையும். எவ்ளோ உடையும்னு ஏற்கெனவே தெரியும். அது இருக்க வேண்டிய எடத்துல கரெக்டா கீது பாரு. கண்ணு நல்லாத்தான் கீது."

லூர்து அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை நான் கிளம்பினேன். சிப்காட்டை உள்ளே போய்ப் பார்க்கவே இல்லையே என்று நான் சொல்லப்போக, லூர்து கம்பெனி பஸ் ஓட்டுநரிடம் பேசி என்னையும் ஏற்றிக்கொண்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. இந்த முறை நடைமேடையை மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள் என்று ஜான்சி கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். குட்டி என் சுருட்டை முடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

பஸ் முழுக்க நீலக் கோட்டுப் பெண்கள். பாதிப் பேர் தூக்கத்தில், பாதிப் பேர் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே உருக்காலைகளின் புகைபோக்கிகள், குழாய் ஏற்றிய டிரெய்லர்கள், சைக்கிளில் வரிசையாகப் போகும் தொழிலாளர்கள். இதையெல்லாம் நான் வாய்பிளந்து பார்ப்பதைக் கண்டு முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பினாள்.

"யாருக்கா இவங்க?"

"ஜான்சிகூட ஆராய்ச்சி பண்றவங்க. மலேசியாலேர்ந்து வந்தாங்க. நேத்து ரெண்டு பேரும் ஒண்ணு முடிச்சாங்க."

"இன்னா கண்டுபுடிச்சாங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். லூர்து முந்திக்கொண்டார்.

"ஒண்ணத் தேடனாங்க. இவ்ளோ பெருசா இருந்தா மாட்டிக்கினு இருக்கும். மாட்டல. அத்தவிட சின்னதாதான் கீதுன்னு இப்போ தெரிஞ்சிடுச்சி. இன்னும் தேடுவாங்க."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "தேடித் தேடி, கடைசீல அது இல்லவே இல்லன்னா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லுவா" என்றார் லூர்து. "எம் பொண்ணு சொல்லுவா."

பஸ் கம்பெனி வாசலில் திரும்பியது. நீலக் கோட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.